செயின்சா மேனில் விலை கொடுப்பது யார்?

"செயின்சா மேன் டிவி தொடரையும் ரெஸே படத்தையும் பார்த்து முடித்தேன். பிசாசுகளோடு போடும் ஒப்பந்தங்களுக்கு ஏதாவது விதி இருக்கிறதா, இல்லை கதைக்குத் தேவைப்படும்போது இஷ்டத்துக்கு எழுதிக்கொள்கிறார்களா? டென்ஜிக்கு உண்மையில் யார் மேல் காதல், மகிமாவா, ரெஸேயா? இதெல்லாம் வெறும் ரத்தம், வெட்டுக்குத்து என்கிறார் என் அண்ணன். அப்படித்தானா?" இதுதான் என்னிடம் வந்த கேள்வி.

விதி இருக்கிறது. ரொம்பக் கறாரான விதி. அந்த விதியைப் பிடித்துக்கொண்டால் காதல் பற்றிய கேள்விக்கும் பதில் கிடைத்துவிடும். இந்தக் கதையில் காதலும் ஒப்பந்தமாகத்தான் எழுதப்பட்டிருக்கிறது. ஒரு பொருளைக் காட்டி இன்னொன்றைக் கேட்பது, யார் விலையைச் சொல்கிறார், யார் அதைக் கொடுக்கிறார் என்பது இரண்டு இடத்திலும் ஒன்றுதான். எந்தக் காட்சி வந்தாலும் "இதற்கு யார் விலை கொடுக்கிறார்?" என்று கேட்டுப் பாருங்கள், கதை தானாகத் திறந்துகொள்ளும்.

அடிப்படைத் தகவல்களை முதலில் சொல்லிவிடுகிறேன். தட்சுகி ஃபுஜிமோட்டோ எழுதி வரைந்த மங்கா, அதாவது ஜப்பானியச் சித்திரக்கதை, இது. 2018 டிசம்பரில் ஷோனென் ஜம்ப் வார இதழில் தொடங்கி, 2020 டிசம்பரில் 97 அத்தியாயங்களோடு முதல் பாகம் முடிந்தது. மாப்பா ஸ்டூடியோ 2022 அக்டோபர் முதல் டிசம்பர் வரை 12 எபிசோடுகளாக அதை அனிமே ஆக்கியது. நீங்கள் பார்த்த ரெஸே படம் 2025 செப்டம்பரில் ஜப்பானில் வெளியானது.

இந்த உலகத்தில் பிசாசுகள் மனிதர்களின் பயத்திலிருந்து பலம் பெறுகின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரைக் கேட்டு மனிதர்கள் எவ்வளவு நடுங்குகிறார்களோ, அந்தப் பிசாசுக்கு அவ்வளவு வலு. தக்காளிப் பிசாசு கூட உண்டு, அதை டென்ஜி ஒரே வீச்சில் முடித்துவிடுகிறான். துப்பாக்கிப் பிசாசோ ஐந்தே நிமிடத்தில் உலகெங்கும் சுமார் 12 லட்சம் பேரைக் கொன்றிருக்கிறது. சாதாரண மனிதனால் இவற்றோடு மோத முடியாது. அதனால் வேட்டைக்காரர்கள் ஏதோ ஒரு பிசாசிடமே போய், "உன் சக்தியைக் கொடு, பதிலுக்கு இதைத் தருகிறேன்" என்று ஒப்பந்தம் போடுகிறார்கள். விலையை அநேகமாகப் பிசாசுதான் சொல்கிறது. ஒப்புக்கொண்ட பிறகு எந்தத் தரப்பும் அதை மீற முடியாது.

டென்ஜியின் கதை இந்த ஒப்பந்தங்களுக்கு முன்பே விலையில்தான் ஆரம்பிக்கிறது. அப்பா வைத்துவிட்டுப் போன கடன், கந்துவட்டிக்கு விட்ட யாகூசா கும்பல், பள்ளிக்கூடம் பார்க்காத ஒரு பையன். சிறுநீரகத்தை விற்றிருக்கிறான், வலது கண்ணை விற்றிருக்கிறான், அப்படியும் மூன்று கோடியே எண்பது லட்சம் யென்னுக்கு மேல் பாக்கி. எந்தப் பிசாசும் அவனிடம் உடம்பைக் கேட்பதற்கு முன்னால் மனிதர்கள் கேட்டு வாங்கிவிட்டார்கள். இதை முதல் எபிசோடின் முதல் சில நிமிடங்களிலேயே வைத்திருப்பதை நான் பெரிதாக நினைக்கிறேன். பிசாசுகள் கொடூரமானவை என்று பயப்படுவதற்கு முன் கடன் கொடுத்தவர்களைப் பார்த்துவிடுகிறோம்.

அந்த வாழ்க்கையில் அவனுக்குக் கிடைத்த ஒரே உறவு போச்சிட்டா. காயம்பட்டுக் கிடந்த அந்தக் குட்டிச் செயின்சாப் பிசாசுக்குத் தன் கையைக் கடிக்கக் கொடுத்து, "என் ரத்தத்தைக் குடித்துப் பிழைத்துக்கொள், பதிலுக்கு எனக்கு உதவி செய்" என்கிறான். அதுவும் ஒப்பந்தம்தான். பிறகு டென்ஜி வெட்டிக் கொல்லப்பட்டுக் குப்பையில் கிடக்கும்போது போச்சிட்டா தன்னையே இதயமாகக் கொடுக்கிறது. அது கேட்கும் விலை: "உன் கனவை எனக்குக் காட்டு." இந்தக் கதையில் வரும் ஒப்பந்தங்களிலேயே, கொடுப்பவர் தனக்கென்று எதுவும் எடுத்துக்கொள்ளாத ஒப்பந்தம் இதுதான் என்பேன். பின்னால் வருகிற ஒவ்வொன்றையும் நான் இதோடு வைத்துத்தான் பார்க்கிறேன்.

இனி டென்ஜியோடு வேலை பார்க்கும் ஆகி ஹயகாவா. பலரும் டென்ஜியை விட ஆகிக்காகத்தான் அழுகிறார்கள், அதற்குக் காரணம் இருக்கிறது. துப்பாக்கிப் பிசாசு அவன் குடும்பத்தை ஒரு நொடியில் அழித்துவிட்டது. பழிவாங்கத்தான் வேட்டைக்காரன் ஆனான். அவனுடைய ஒப்பந்தங்களை வரிசையாகப் பாருங்கள். நரிப் பிசாசுக்குத் தோலில் ஒரு துண்டு. சாபப் பிசாசுக்கு, அதாவது அந்த ஆணி மாதிரியான வாளுக்கு, ஆயுள். அதைப் பயன்படுத்திய பிறகு அவனுக்கு மிஞ்சுவது இரண்டு வருடம் என்று தெரிகிறது. அதன் பிறகும் அவன் நிறுத்தவில்லை. எதிர்காலப் பிசாசிடம் போகிறான். முன்பு ஒருவரிடம் பாதி ஆயுளையும், இன்னொருவரிடம் கண்களோடு சுவையையும் வாசனையையும் கேட்டு வாங்கிய பிசாசு அது. ஆகியிடம் மட்டும், "உன் வலது கண்ணில் குடியிருக்க விடு, போதும்" என்கிறது. ஏன் இவ்வளவு மலிவு? ஆகியின் சாவு மிகக் கொடுமையாக இருக்கப்போகிறது, அதை உள்ளிருந்தே பார்க்க அதற்கு ஆசை. விலை குறைந்ததைக் கேட்டு நாம் நிம்மதி அடைய வேண்டிய இடத்தில் வயிற்றைக் கலக்குகிறது. ஒப்பந்தங்கள் இஷ்டத்துக்கு எழுதப்பட்டவையா என்ற உங்கள் சந்தேகத்துக்கு இந்த ஒரு காட்சி போதும். விலை குறைவதற்கும் கூடக் கதைக்குள்ளேயே காரணம் இருக்கிறது.

ஹிமெனோவைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். ஆவிப் பிசாசுக்குத் தன் வலது கண்ணைக் கொடுத்தவள் அவள். தன்னோடு வேலை பார்த்த துணைகள் ஒவ்வொருவராகச் செத்துப்போவதைப் பார்த்துவிட்டு, ஆகியாவது உயிரோடு இருக்க வேண்டும் என்று தவிக்கிறாள். ஆகியின் மேல் அவளுக்குக் காதல். ஆகிக்கோ பழிவாங்குவதும், இவர்களுக்கெல்லாம் மேலதிகாரியான மகிமாவும் தவிர வேறு எதுவும் கண்ணில் படவில்லை. டென்ஜியிடம் ஹிமெனோ ஒரு பேரம் பேசுவது நினைவிருக்கிறதா? "மகிமாவோடு உன்னைச் சேர்த்துவைக்கிறேன், ஆகியோடு என்னைச் சேர்த்துவை" என்று இருவரும் கூட்டணி போடுகிறார்கள். வேடிக்கையாகத் தெரிகிற காட்சி அது. அதே எபிசோடு முடிவதற்குள் அந்தக் கூட்டணி உடைந்துவிடுகிறது. சண்டையில் ஆகி சாகக் கிடக்கும்போது, "என்னை முழுசாக எடுத்துக்கொள், உன் முழு பலத்தையும் கொடு" என்று ஆவியிடம் சொல்கிறாள். கையும் காலும் உடலும் மறைந்து, கடைசியில் உடுப்பு மட்டும் கீழே கிடக்கிறது. அவள் ஆகியிடம் கேட்பது ஒன்றுதான்: நீ சாகாதே, நான் செத்தால் எனக்காக அழு. அவ்வளவு கொடுத்தும் அந்த ஆவி தோற்றுப்போகிறது என்பதை நான் எத்தனை முறை பார்த்தாலும் ஜீரணிக்க முடியவில்லை. இந்தக் கதையில் விலை கொடுத்தால் பலன் கிடைக்கும் என்று எந்த உத்தரவாதமும் கிடையாது.

இப்போது மகிமா. அவள் என்ன விலை கொடுக்கிறாள் என்று தேடிப் பாருங்கள். ரயிலில் அவளைச் சுட்டுவிடுகிறார்கள், ஆனாலும் அவள் எழுந்து கியோட்டோவில் இறங்குகிறாள். அங்கே உயரமான இடத்தில் ஒரு கோவிலையும், ஆயுள் தண்டனைக் கைதிகளையும் ஏற்பாடு செய்யச் சொல்கிறாள். ஒவ்வொரு கைதியையும் ஓர் எதிரியின் பெயரைச் சொல்லவைக்கிறாள். பெயரைச் சொன்ன கைதி சாகிறான், எங்கோ டோக்கியோவில் அந்த எதிரி நசுங்கிச் சாகிறான். அவள் உடம்பில் ஒரு கீறல் இல்லை. டென்ஜி உறுப்புகளைக் கொடுக்கிறான், ஆகி வருடங்களைக் கொடுக்கிறான், ஹிமெனோ முழுசாகவே போய்விடுகிறாள். மேலே இருக்கிறவளோ மற்றவர்களின் உயிரை எடுத்துச் செலவு செய்கிறாள். மங்காவைத் தொடர்ந்து படித்தால் இது இன்னும் மேலே, அரசாங்கங்களின் தலைமை வரை போவது தெரியும். அந்த உலகத்தில் ஏழை தன் உடம்பை வைத்து ஒப்பந்தம் போடுகிறான், அதிகாரம் உள்ளவர் மக்களை வைத்துப் போடுகிறார். இதை ஒரு பாத்திரம்கூட வாய்விட்டுச் சொல்வதில்லை, ஆனால் கதை முழுக்க இதுதான் ஓடுகிறது.

காதலுக்கு வருகிறேன். டென்ஜிக்கு வயது 16. யாரும் அன்பாகத் தொட்டதே இல்லாத பையன். அவனிடம் எல்லோரும் ஆசை காட்டித்தான் வேலை வாங்குகிறார்கள். அவனோடு வேலை பார்க்கும் பவர் தன் பூனையை மீட்க ஆசை காட்டுகிறாள். ஓட்டலில் மாட்டிக்கொண்டபோது ஹிமெனோ முத்தம் தருவதாகச் சொல்கிறாள். மகிமாவோ முதல் சந்திப்பில் அணைத்துக்கொண்டு, ரொட்டி, வெண்ணெய், ஜாம், காபி என்று காலை உணவைப் பட்டியல் போடுகிறாள். கூடவே, மறுப்புச் சொல்கிற நாய் தனக்குத் தேவையில்லை என்பதையும் தெளிவாக்கிவிடுகிறாள். துப்பாக்கிப் பிசாசைக் கொன்றால் எந்த ஆசையானாலும் ஒன்றை நிறைவேற்றுவதாக வாக்குத் தருகிறாள். கவனியுங்கள், மற்றவர்கள் காட்டிய ஆசைகள் எல்லாம் எப்படியோ அவனுக்குக் கிடைத்துவிடுகின்றன, கிடைத்ததும் "இவ்வளவுதானா" என்று வெறுமையாகவும் ஆகிவிடுகின்றன. மகிமா காட்டியது மட்டும் எப்போதும் தள்ளிப் போய்க்கொண்டே இருக்கிறது. அவனை விட வயதிலும் பதவியிலும் பெரியவள், அவன் ஏக்கத்தை நன்றாகத் தெரிந்துகொண்டு அதைக் கடிவாளமாகப் பிடித்திருக்கிறாள். அவனுக்கு அவள் மேல் இருப்பது பொய் என்று நான் சொல்லமாட்டேன். நாள் முழுக்க அவர்கள் சினிமா பார்க்கும் காட்சியில், கடைசிப் படத்தில் இருவரும் ஒரே இடத்தில் கண்ணீர் விடுகிறார்களே, அது உண்மையான நெருக்கம். தனக்கு இதயம் இருக்கிறதா என்று அவன் கேட்க, அவள் அவன் மார்பில் காதை வைத்து, இருக்கிறது என்கிறாள். அவளுக்கு வேண்டியதும் அந்த மார்புக்குள் இருப்பதுதான்.

அதன் பிறகுதான் ரெஸே. மழையில் டெலிபோன் கூண்டுக்குள் ஒதுங்கும் அந்தச் சந்திப்பை இன்னொரு முறை பாருங்கள். சற்று முன் நன்கொடை போட்டதற்காக டென்ஜிக்கு ஒரு பூ கிடைத்திருக்கும். அதை விழுங்கி வைத்திருந்தவன், வித்தை காட்டுகிற மாதிரி வாயிலிருந்து எடுத்து அவளிடம் நீட்டுகிறான். இந்தக் கதையில் டென்ஜி ஒரு பெண்ணுக்கு எதையும் எதிர்பார்க்காமல் கொடுக்கும் முதல் பொருள் அந்தப் பூ. அவளும் அவனிடம் பேரம் பேசவில்லை. காபி குடிக்கிறார்கள், எழுத்து சொல்லித் தருகிறாள், இரவில் பள்ளிக்கூடத்துக்குள் புகுந்து நீச்சல் கற்றுத் தருகிறாள், 16 வயதில் பள்ளிக்குப் போகாமல் பிசாசு வேட்டைக்குப் போவது சரியில்லையே என்று அவனுக்காகக் கவலைப்படுகிறாள். அவனுக்கு அப்படி யாரும் கவலைப்பட்டது இல்லை.

ஆனால் ரெஸே வந்ததும் வேலையாகத்தான். சிறு வயதிலிருந்தே சோவியத் அரசு ஆயுதமாக வளர்த்தெடுத்தவள், வெடிகுண்டுப் பிசாசின் சக்தியைச் சுமப்பவள், டென்ஜியின் இதயத்தை எடுத்துப்போக அனுப்பப்பட்டவள். (கதை நடப்பது 1997-இல், அந்த உலகத்தில் சோவியத் யூனியன் இன்னும் இருக்கிறது.) திருவிழா இரவில் "எல்லாவற்றையும் விட்டு என்னோடு ஓடி வா" என்று அவள் கேட்கும்போது டென்ஜி தடுமாறுவதைக் கோழைத்தனம் என்று சிலர் எழுதுகிறார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக விட்டுவிட்டுப் போக அவனுக்கு ஏதோ சேர்ந்திருக்கிறது. வீடு, வேளைக்குச் சாப்பாடு, ஆகி, பவர், இப்போதுதான் பிடிபடுகிற வேலை. "இங்கேயே இருந்துகொண்டு உன்னையும் பார்க்க முடியாதா?" என்பதுதான் அவன் பதில். அவளோ, வேறு யாரையோ நீ விரும்புகிறாய் என்று கண்டுபிடித்துவிடுகிறாள், பிறகு நடப்பது நீங்கள் பார்த்ததுதான். அந்தச் சண்டையின் நடுவே அவன் கத்துவதை மட்டும் தவறவிடாதீர்கள். எல்லோருக்கும் செயின்சாவின் இதயம் வேண்டும், டென்ஜியின் இதயம் யாருக்கும் வேண்டாமா என்று புலம்புகிறான். திரையரங்கில் சிரிப்பு வரும் இடம். அவன் முழு மனத்தோடு சொல்வது அது.

மகிமாவா ரெஸேயா என்றால் என் பதில் இது. மகிமாவை அவன் விரும்புவது, அவள் காட்டிய வாழ்க்கையை விரும்புவதும்தான். இரண்டையும் பிரித்துப் பார்க்க அவனுக்கு இன்னும் தெரியாது. ரெஸேயை அவன் விரும்புவது அவளுக்காக மட்டும். அதனால்தான் தன்னைக் கொல்ல வந்தவள் என்று தெரிந்த பிறகும் கடற்கரையில் அவளைப் பிடித்துக் கொடுக்காமல், அந்தக் காபிக் கடையில் காத்திருப்பதாகச் சொல்லி அனுப்புகிறான். அவளும் ரயில் ஏறித் தப்பியிருக்கலாம். ஏறவில்லை. அவள் செய்யும் அந்த ஒரு தேர்வுக்கு எந்த ஒப்பந்தமும் இல்லை, யாரும் அவளுக்கு எதையும் தருவதாகச் சொல்லவில்லை. சந்துக்குள் மகிமா வழிமறித்து நிற்கும்போது, தானும் கிராமத்து எலியின் பக்கம்தான் என்று சொல்லி, வயலில் நாய்கள் எலிகளைத் தோண்டி எடுத்துக் கொல்வதைப் பார்ப்பது தனக்குப் பிடிக்கும் என்கிறாள். ரெஸேயும் டென்ஜியும் தங்களுக்குள் பேசிய, நகரத்து எலி, கிராமத்து எலி என்ற பழைய நீதிக்கதை அது. அதுகூட அவர்களுக்கென்று மிஞ்சவில்லை. சாகும் நேரத்தில் ரெஸே மனத்துக்குள் சொல்வது, தானும் பள்ளிக்கூடம் போனதில்லை என்பதை.

உங்கள் அண்ணன் சொல்வதில் பாதி சரி. ரத்தம் நிறைய, அதைக் கொண்டாடியும் காட்டுகிறார்கள். சில நகைச்சுவைகள் கூசவும் வைக்கும், அவருக்குப் பிடிக்கவில்லை என்றால் வற்புறுத்த வேண்டாம். ஆனால் "வெறும்" என்ற பேச்சோடு எனக்கு உடன்பாடு இல்லை. டிவி தொடரை இயக்கிய ரியு நகயாமா அதை நடிகர்கள் நடித்த படம் மாதிரி அடக்கமாக எடுத்தார். ஆகி காலையில் எழுந்து காபி போட்டுப் பால்கனியில் உட்காரும் காட்சியை அவ்வளவு பொறுமையாகக் காட்டியதால்தான் பின்னால் அவன் ஆயுள் குறையும்போது நமக்கு உறைக்கிறது. மங்காவின் வெறி இதில் இல்லை என்று அப்போது பலர் குறைப்பட்டார்கள். படத்தை இயக்கிய தட்சுயா யோஷிஹாரா தொடரிலேயே சண்டைக் காட்சிகளைப் பார்த்துக்கொண்டவர், அவர் கை வைத்ததும் கோடும் வண்ணமும் மங்காவுக்கு நெருக்கமாக வந்தன. இரண்டிலும் எனக்குத் தொடரின் நிதானம்தான் ஒரு படி மேல். சண்டைக்கு மட்டும் படம். இரண்டுக்கும் இசை கென்சுகே உஷியோ.

தொடர்ந்து படிக்க நினைத்தால், படம் 52-ஆம் அத்தியாயத்தோடு முடிகிறது, 53-இலிருந்து, அதாவது ஏழாவது தொகுதியிலிருந்து எடுக்கலாம்.

இதற்குக் கீழே முதல் பாகத்தின் முடிவைச் சொல்கிறேன். தெரிந்துகொள்ள விருப்பமில்லை என்றால் இங்கேயே நிறுத்திவிடுங்கள்.

மகிமாதான் கட்டுப்பாட்டுப் பிசாசு. ரயிலில் சுட்டும் அவள் சாகாததற்குக் காரணம், ஜப்பான் பிரதமரோடு அவளுக்கு இருக்கும் ஒப்பந்தம். அவள் மீது விழும் தாக்குதல் எதுவானாலும் அது ஜப்பானியக் குடிமகன் ஒருவரின் நோயாகவோ விபத்தாகவோ மாறிவிடும். அமெரிக்க அதிபரும் தன் மக்கள் ஒவ்வொருவரின் ஆயுளிலும் ஒரு வருடத்தைத் துப்பாக்கிப் பிசாசுக்கு எழுதிக் கொடுக்கிறார். அப்படியானால் மகிமாவை எப்படி வீழ்த்துவது? பலத்தால் முடியாது. டென்ஜி கண்டுபிடிக்கும் வழி ஒப்பந்தத்துக்குள்ளேயே இருக்கிறது. தாக்குதல்தானே மாற்றப்படும்? அவன் அவளைச் சமைத்துச் சாப்பிடுகிறான். வெறுப்பால் செய்யவில்லை, அவளோடு ஒன்றாகிவிட வேண்டும் என்ற விருப்பத்தால் செய்கிறான், அதனால் அது தாக்குதல் இல்லை. அதிர்ச்சிக்காக எழுதிய முடிவு என்று இதைத் திட்டுபவர்கள் உண்டு. எனக்கு இதை விடச் சரியான முடிவு தோன்றவில்லை. இத்தனை நாள் அவனை ஏமாற்ற எந்தக் காதலை அவள் பயன்படுத்தினாளோ, அவள் ஒப்பந்தம் தடுக்காத ஒரே பொருள் அதுதான். அவளை நெருங்க அவனால் முடிந்ததற்கும் காரணம் இருக்கிறது. அவள் மனிதர்களை வாசனையால் நினைவில் வைப்பவள், இத்தனை காலமும் செயின்சாவின் வாசனையைத்தான் பிடித்து வைத்திருந்தாள், டென்ஜியை ஒருமுறைகூடச் சரியாகப் பார்த்ததில்லை.

மகிமாவுக்கு வேண்டியிருந்தது சமமான ஓர் உறவு, குடும்பம் மாதிரி ஒன்று என்று கடைசியில் போச்சிட்டா சொல்கிறது. பயத்தாலும் கட்டளையாலும் மட்டுமே யாரையும் பிடித்துவைக்கத் தெரிந்தவளுக்கு அது கிடைக்கவே இல்லை. பிறகு டென்ஜிக்குப் பயிற்சி கொடுத்த மூத்த வேட்டைக்காரர் கிஷிபே ஒரு சிறுமியை டென்ஜியிடம் கொண்டுவந்து விடுகிறார். மறுபடி பிறந்த அதே கட்டுப்பாட்டுப் பிசாசு, பெயர் நயுட்டா. 2022 ஜூலையில் தொடங்கிய இரண்டாம் பாகத்தில் அவளை வளர்க்க டென்ஜி எதையெல்லாம் விடுகிறான் என்பதற்கு இன்னொரு பதிலே எழுத வேண்டும்.